உங்களுக்குத் தெரியுமா? – விடிய விடிய வண்டி!

“எங்கேயும் தங்கலை, ஒரே மூச்சா ஓட்டிட்டு வந்துட்டோம்!” இதைச் சொல்லும்போது யாருக்கும் குரலில் ஒரு மிடுக்கு வந்துவிடும். ஆனால் சாதனைக்காக அப்படிப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். லீவு இல்லாமல், காசு இல்லாமல், தங்க இடம் தருவார் இல்லாமல் போனவர்களே அதிகம். இரு சாராரின் கதையும், நடுவில் குறுக்கிடும் தூக்கத்தின் கதையும் இதோ.

1. தூங்கிப்போன மாற்று ஓட்டுநர்
1895 ஜூன் மாதம். பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் 1,178 கி.மீ. கார் பந்தயம். வழியில் ருஃபெக் என்ற ஊரில் எமில் லெவாஸோர் வண்டியை இன்னொருவரிடம் ஒப்படைப்பதாக ஏற்பாடு. அவரோ யாரும் எதிர்பாராத வேகத்தில் பின்னிரவிலேயே வந்து நின்றார். மாற்று ஓட்டுநர் நல்ல உறக்கத்தில் இருந்தார். அவருக்காகக் காத்திருப்பானேன் என்று லெவாஸோரே தொடர்ந்து ஓட்டி, 48 மணி 48 நிமிடத்தில் பாரிஸ் திரும்பினார். சராசரி வேகம் மணிக்கு 24 கி.மீ. முதலில் வந்தும் முதல் பரிசு அவருக்கில்லை! நான்கு இருக்கை கொண்ட காருக்குத்தான் பரிசு என்பது விதி. அவருடையதில் இரண்டே இருக்கை.

2. பீரங்கிக் குண்டு பேக்கர்
அமெரிக்காவின் எர்வின் பேக்கருக்குப் பட்டப்பெயர் ‘கேனன்பால்’. 1933-ல் கிரஹாம் கார் ஒன்றில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு 53 மணி 30 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார். நான்குவழிச் சாலைகளோ, குளிர்பதன வசதியோ எட்டிப் பார்க்காத காலம். அந்தச் சாதனை ஏறத்தாழ 40 ஆண்டுகள் அசையவில்லை.

3. திருட்டுப் பந்தயம்
அந்தப் பேக்கரின் பெயரிலேயே 1971-ல் ஒரு ரகசியப் பந்தயத்தைத் தொடங்கினார் பத்திரிகையாளர் பிராக் யேட்ஸ். அனுமதி கிடையாது, விதிகளும் கிட்டத்தட்ட கிடையாது. நியூயார்க்கில் ஒரு கராஜில் கிளம்ப வேண்டும். கலிஃபோர்னியாக் கடற்கரையில் ஒரு விடுதியில் முடிக்க வேண்டும். அந்த நவம்பரில் யேட்ஸும் பந்தய வீரர் டான் கர்னியும் ஒரு ஃபெராரியில் மாறி மாறி ஓட்டி, 35 மணி 54 நிமிடத்தில் வென்றார்கள். பர்ட் ரெனால்ட்ஸும் ஜாக்கி சானும் நடித்த 1981-ம் ஆண்டு ‘தி கேனன்பால் ரன்’ படத்தின் மூலக்கதை இதுதான். கொரோனா ஊரடங்கில் சாலைகள் காலியாகக் கிடந்த 2020-ல் இந்த நேரத்தை 26 மணிக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். சட்டப்படி இது குற்றம்தான். அதனால் இதை ‘அதிகாரபூர்வ சாதனை’ என்று அங்கீகரிக்க யாருமில்லை.

4. இறங்க மறுத்தவர்
பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயம், ஓட்டுநர்கள் முறை வைத்து ஓட்டுவது. 1952-ல் பியர் லெவெக் தன் கூட்டாளிக்கு ஸ்டியரிங்கைக் கொடுக்கவே இல்லை. ஏறக்குறைய 23 மணி நேரம் தனியாளாக ஓட்டினார். எல்லாருக்கும் வெகுதூரம் முன்னால் இருந்தார். வெற்றிக்குக் கொஞ்ச நேரமே இருந்தபோது இன்ஜின் உடைந்தது. களைப்பில் கியரைத் தவறாகப் போட்டார் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. மெர்சிடிஸ் அணி வென்றது. இப்போதைய விதியில் இந்தப் பிடிவாதம் செல்லாது: எந்த 6 மணி நேரத்திலும் ஒருவர் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, மொத்தம் 14 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது.

5. பந்தயம் முடிந்தும் பயணம் முடியவில்லை
1955 மே 1. இத்தாலியின் மில்லே மில்லியா பந்தயம். பொதுச் சாலைகளில் சுமார் 1,600 கி.மீ. தூரத்தை ஸ்டிர்லிங் மாஸ் 10 மணி 7 நிமிடம் 48 நொடியில் முடித்தார். பக்கத்தில் இருந்த டெனிஸ் ஜென்கின்சன், வளைவுகளை எல்லாம் நீண்ட காகிதச் சுருளில் குறித்துவைத்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கைச்சாடை காட்டிக்கொண்டே வந்தார். இன்ஜின் இரைச்சலில் பேச்சு கேட்காதே! ஜெயித்த மாஸ் படுத்துத் தூங்கினாரா? அன்றிரவே காரை எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டார்.

6. நடுவழியில் முளைத்த விடுதி
1920-களில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் காரில் போக இரண்டு நாள் ஆகும். சரியாக நடுவில் இருந்த சான் லூயிஸ் ஒபிஸ்போ ஊரில் 1925 டிசம்பரில் ‘மைல்ஸ்டோன் மோ-டெல்’ திறக்கப்பட்டது. அறை வாசலிலேயே காரை நிறுத்திக்கொள்ளலாம். உலகின் முதல் மோட்டல் என்று பெயர் பெற்றது இதுதான். இரவுக்கு ஒன்றேகால் டாலர் வாடகை.

7. கையில் காசிருந்தும் கதவு திறக்கவில்லை
அந்த வசதி எல்லாருக்குமானதாக இல்லை. நிறவெறி கோலோச்சிய காலத்து அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பம் ஒன்று காரில் கிளம்பினால், வழியில் உள்ள பெரும்பாலான விடுதிகளில் அறை கிடைக்காது. உணவகத்தில் இடம் கிடைக்காது. சில பங்க்குகளில் கழிப்பறைகூடத் திறந்துவிட மாட்டார்கள். பொழுது சாய்ந்தபின் கறுப்பர் யாரும் இருக்கக்கூடாது என்று மிரட்டும் ஊர்களும் இருந்தன. ஆகவே அப்பாக்கள் விடிய விடிய ஓட்டினார்கள். காலணிப் பெட்டிகளில் வறுத்த கோழியும் ரொட்டியும் கட்டிக்கொண்டார்கள். போர்வை, தண்ணீர், கூடுதல் பெட்ரோல், குழந்தைகளின் அவசரத்துக்கு ஒரு தகர டப்பா எல்லாம் டிக்கியில் ஏறின. பின் இருக்கையில் உறங்கிய பிள்ளைகளுக்கு ‘அப்பாவுக்கு ராத்திரியில் ஓட்டத்தான் பிடிக்கும்’ என்று சொல்லிவைத்த வீடுகள் உண்டு. உண்மைக் காரணம் அவர்களுக்குப் புரிந்தது வளர்ந்த பிறகுதான்.

8. தபால்காரர் போட்ட புத்தகம்
இந்தக் கொடுமைக்கு ஒரு மருந்து கண்டுபிடித்தவர் தபால்காரர். நியூயார்க்கின் ஹார்லெமில் வசித்த விக்டர் ஹியூகோ கிரீன், கறுப்பினப் பயணிகளை மதித்து ஏற்கும் விடுதிகள், பங்க்குகள், உணவகங்கள், முடிதிருத்தகங்களைப் பட்டியலிட்டு 1936-ல் ஒரு கையேடு வெளியிட்டார். விடுதியே இல்லாத ஊரில், தங்க இடம் தரும் வீடுகளின் முகவரி இருக்கும். ‘கிரீன் புக்’ என்று பெயர்பெற்ற அது 1960-களின் நடுப்பகுதிவரை வந்தது. இந்த நூலே தேவைப்படாத நாள் ஒன்று வரும் என்று அதன் முன்னுரையிலேயே எழுதியிருந்தார். அந்த நாளைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை; 1960-ல் இறந்துபோனார்.

9. அறை கேட்ட வழக்கு
1964-ல் வந்த குடிமை உரிமைகள் சட்டம், நிறம் பார்த்து அறை மறுப்பதைத் தடைசெய்தது. அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட ஒரு மோட்டல், ‘யாருக்கு அறை தருவது என்பது என் இஷ்டம்’ என்று வழக்குப் போட்டது. அதே ஆண்டு டிசம்பர் 14-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. களைத்த பயணிக்குப் படுக்க ஓர் இடம் என்பது அரசியல் சட்டத் தீர்ப்பாகவே எழுதப்பட்டது.

10. மியூனிக் டு இஸ்தான்புல்
1961 அக்டோபர் 30-ல் மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டன. லட்சக்கணக்கான துருக்கியர் ஜெர்மன் ஆலைகளுக்குப் போனார்கள். கோடை லீவு சில வாரங்கள்தான். மியூனிக்கிலிருந்து இஸ்தான்புல்லுக்கே சுமார் 1,900 கி.மீ.; சொந்தக் கிராமம் அதற்கும் அப்பால் அனடோலியாவில். வழியில் தங்கினால் லீவும் குறையும், சேமிப்பும் கரையும். எனவே ஆஸ்திரியா, யூகோஸ்லாவியா, பல்கேரியா வழியாகத் தூங்காமல் ஓட்டினார்கள். ஃபோர்டு டிரான்சிட் வேனின் கூரையில் குளிர்சாதனப் பெட்டியும் கம்பளமும் அடுக்கிக் கட்டியிருக்கும். உள்ளே சாமான் மூட்டைகளின் மேல் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். பல குடும்பங்களில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். மாற்றி ஓட்ட ஆள் இல்லை. கண் சொக்கினால் சாலையோரம் ஒதுங்கி ஒரு குட்டித் தூக்கம், பிறகு மீண்டும் ஓட்டம்.

11. ‘சகோதரத்துவமும் ஒற்றுமையும்’
அந்த வழியின் நடுப்பகுதி, யூகோஸ்லாவியாவின் நெடுஞ்சாலை. இளைஞர் தொண்டர் படைகள் கட்டிய அதற்கு ‘சகோதரத்துவமும் ஒற்றுமையும்’ என்று பெயர். ஆனால் பெரும்பகுதி நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. எதிரே லாரி, முன்னே லாரி, ஓட்டுபவருக்கு உறக்கம் இல்லை. 1970-களில் அது விபத்துச் சாலை என்றே பேர் வாங்கியது. 1991-ல் யூகோஸ்லாவியப் போர் வெடித்ததும் வழியே அடைபட்டது. அதன்பின் ஹங்கேரி, ருமேனியா என்று சுற்றியும், இத்தாலியிலிருந்து கப்பலில் காரை ஏற்றியும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

12. ஒரு நாடே கடந்து போகிறது
ஃபிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்தில் வேலை செய்யும் மொராக்கோ, அல்ஜீரியக் குடும்பங்களும் ஆண்டுதோறும் இப்படித்தான் ஸ்பெயினைக் குறுக்காகக் கடந்து கப்பலேறுகின்றன. நெரிசலைச் சமாளிக்க ஸ்பெயின் அரசு 1986 முதல் தனித் திட்டமே நடத்துகிறது. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை ஓய்விடங்கள், மருத்துவ உதவி, மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாம் தயார். அண்மைக் கோடைகளில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிக் கடல் கடந்துள்ளனர்.

13. சிவப்புப் பந்து லாரிகள்
இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியிலிருந்து முன்னேறிய நேச நாட்டுப் படைக்குப் பெட்ரோலும் குண்டும் கொண்டுபோக ரயில் பாதை மிஞ்சியிருக்கவில்லை. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ என்ற லாரிப் படை இரவு பகலாக ஓடியது. ஓட்டுநர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினச் சிப்பாய்கள். உறக்கமின்மையால் சாலையை விட்டு இறங்கிக் கவிழ்ந்த லாரிகளும் ஏராளம்.

14. மோட்டார் சைக்கிள் பட்டாளம்
சீனாவில் வசந்த விழாவுக்கு ரயில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. குவாங்டாங் ஆலைத் தொழிலாளர்கள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, மனைவி குழந்தையைப் பின்னால் உட்காரவைத்து, மோட்டார் சைக்கிளிலேயே பல நூறு கி.மீ. தள்ளியிருக்கும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். வழிநெடுக சூடான கஞ்சியும் இஞ்சித் தேநீரும் இலவசமாகத் தரும் முகாம்கள் உண்டு. அதிவேக ரயில்களும் சொந்தக் கார்களும் பெருகியபின் இந்தப் பட்டாளம் சிறுத்துவருகிறது.

15. நம்மூர் லாரிக்கு என்ன சட்டம்?
இந்தியாவில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. அது வைத்த வரம்பு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். 5 மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு. நீண்ட தூர ரூட்டில் அனுமதியோடு நாளுக்கு 10 மணி நேரம் வரை போகலாம் என்றது. காகிதத்தில் கச்சிதம்! நாமக்கல், சங்ககிரி லைன் டிரைவர்களைக் கேட்டால் நிலவரம் வேறு: லோடு குறித்த நேரத்தில் இறங்க வேண்டும், டிரிப் எண்ணிக்கை கூடினால்தான் வருமானம். நேஷனல் பெர்மிட் லாரியில் இரண்டு டிரைவர்கள் கட்டாயம் என்றிருந்த விதியும் 2018-ல் நீக்கப்பட்டுவிட்டது.

16. அம்பாசடர் யாத்திரை
1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை தயாரான அம்பாசடர் காரில், நெடுங்காலம் முன்னிருக்கை ஒரே பெஞ்சு. கியரோ ஸ்டியரிங் பக்கத்தில். அதனால் டிரைவருக்கு அருகில் இரண்டு பேர், மடியில் ஒரு பையன் என்று தாராளமாக ஏறலாம். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளம்பி, புளியோதரைப் பொட்டலத்தோடு ராத்திரி முழுக்க ஓட்டி, விடியற்காலை கோயில் குளத்தில் குளிப்பது பல குடும்பங்களின் வழக்கம். விடுதிச் செலவு மிச்சம். டிரைவர் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுக்கும் பொறுப்பு முன்னால் உட்கார்ந்த மாமாவுக்கு. பெரும்பாலும் முதலில் குறட்டை விடுபவர் அவர்தான்!

17. குடிக்காமலே போதை
ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கணக்கு இது: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருக்குச் சமம். ஒரு நாள் முழுக்க விழித்திருந்தால் 0.10 சதவீதம். இந்தியச் சட்டம் அனுமதிப்பதோ 0.03-தான். காலை 5 மணிக்கு எழுந்து, நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, இரவு 10 மணிக்குப் பொங்கலுக்கு ஊருக்கு வண்டியை எடுப்பவர் எந்த நிலையில் கிளம்புகிறார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மதுவுக்கு ஊதிக் காட்டச் சொல்லலாம். தூக்கத்துக்கு அப்படி ஒரு கருவி போலீஸ் கையில் இல்லை.

18. நான்கு நொடி, 111 மீட்டர்
கண் அசரும் அந்தச் சில நொடிகளில் மூளை வெளி உலகத்தைக் கவனிப்பதே இல்லை. சில சமயம் கண் திறந்திருக்கும்போதே இது நடக்கும். 100 கி.மீ. வேகத்தில் 4 நொடி என்றால், 111 மீட்டர் தூரத்துக்கு வண்டியில் டிரைவரே இல்லை என்று பொருள். உடலின் உள்கடிகாரப்படி பின்னிரவு 2 முதல் 6 மணிவரை அபாயம் உச்சம். மதிய உணவுக்குப் பின் வரும் மயக்கம் அதன் தம்பி.

19. ஜன்னலைத் திறந்தால் தூக்கம் போகுமா?
பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். குளிர்காற்று, பாட்டு இரண்டின் பலனும் கொஞ்ச நேரத்துக்குத்தான். நல்ல பலன் தந்தது, ஒரு காபி குடித்துவிட்டு உடனே 15 நிமிடம் தூங்குவது. காபி வேலை செய்யச் சுமார் 20 முதல் 30 நிமிடம் ஆகும். எழும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும்.

20. ஒருவர் உறங்கியதால்
2001 பிப்ரவரி 28 காலை, இங்கிலாந்தின் கிரேட் ஹெக் அருகே ஒரு லேண்ட் ரோவர் நெடுஞ்சாலையை விட்டு விலகி, சரிவில் உருண்டு ரயில் பாதையில் விழுந்தது. ஓட்டியவர் வெளியே வந்து, அவசர உதவி எண்ணில் பேசிக்கொண்டிருக்கும்போதே லண்டன் எக்ஸ்பிரஸ் அதில் மோதித் தடம் புரண்டது. எதிரே வந்த நிலக்கரி ரயில் அதன் மேல் மோதியது. 10 பேர் பலி. ஓட்டியவர் முந்தைய இரவு தூங்காமல் மணிக்கணக்கில் போனில் பேசிவிட்டு வண்டி எடுத்தவர் என்று நீதிமன்றம் முடிவுக்கு வந்தது. 5 ஆண்டு சிறை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 2003-ல் ஒரு படி மேலே போனது: 24 மணி நேரம் தூங்காமல் ஓட்டி உயிர் பறித்தால், அதைக் கண்மூடித்தனமான ஓட்டுதலாகவே கொள்ளலாம் என்று சட்டம் போட்டது.

21. கேள்வி கேட்கும் சாலை
ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து நெடுஞ்சாலைகளில் ஓரிடத்தில் பலகையில் பொது அறிவுக் கேள்வி ஒன்று இருக்கும். விடை பல கி.மீ. தள்ளி இன்னொரு பலகையில்! நீண்ட, நேரான சாலையில் மூளை மந்தமாகாமல் இருக்க அரசே நடத்தும் வினாடி வினா இது. இன்னொரு உத்தி, ஓரத்தை மிதித்தால் ‘தடதட’வென்று அதிரும் பட்டைகள். 1952-லேயே நியூ ஜெர்சியின் கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் இதன் முன்னோடி போடப்பட்டது.

22. கட்டாய ஓய்வு
ஐரோப்பிய யூனியனில் லாரி, பஸ் ஓட்டுபவர் நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். வண்டியில் உள்ள பதிவுக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். சீனாவில் நெடுந்தூரப் பேருந்துகள் பின்னிரவு 2 முதல் 5 மணிவரை நிற்க வேண்டும். ஜப்பானில் 2024 ஏப்ரல் முதல் லாரி ஓட்டுநரின் கூடுதல் நேர வேலைக்கு ஆண்டுக்கு 960 மணி நேரம் என உச்சவரம்பு வந்தது. இந்தியாவில் 2025-லிருந்து புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம், வெக்கையும் ஒரு களைப்புதானே.

23. யானைக்காக ஒரு ராத்தங்கல்
பந்திப்பூர் காட்டுச் சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துத் தடை. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் வழியிலும் 2022 பிப்ரவரி 10 முதல் இரவுத் தடை அமலானது. அவசர ஊர்தி போன்ற சிலவற்றுக்கே விலக்கு. சட்டம் காப்பது விலங்குகளைத்தான்; சோதனைச் சாவடியில் வரிசையாக நிற்கும் லாரிகளின் டிரைவர்களுக்கும் சில மணி நேரத் தூக்கம் லாபம்.

24. சாதனையாளர்களின் முதல் விதி
24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது சுமார் 1,610 கி.மீ. பைக் ஓட்டினால், ‘அயர்ன் பட் அசோசியேஷன்’ என்ற அமெரிக்க அமைப்பு சான்றிதழ் தரும். பெட்ரோல் ரசீதுகளைத் தேதி, நேரத்தோடு காட்டி நிரூபிக்க வேண்டும். நம் நாட்டு பைக் ஓட்டிகளும் வாங்கியிருக்கிறார்கள். இவர்கள் உறுப்பினர்களுக்குச் சொல்லும் பாடம் என்ன தெரியுமா? தூக்கம் வந்தால் நில்! சாலையோர பெஞ்சில் ஹெல்மெட்டோடு படுத்துக் குட்டித் தூக்கம் போடுவதற்கு ‘அயர்ன் பட் மோட்டல்’ என்று கேலிப் பெயரே வைத்திருக்கிறார்கள். வாடகை இல்லை, முன்பதிவு வேண்டாம். அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது ‘இன்னும் நூறு கிலோமீட்டர்தானே, போயிடலாம்’ என்றால், இதைச் சொல்லி வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்கள்!